ஐந்தாவது பொத்தான்

ஆரணி, போன ஞாயிறு சோறு போடும்போது நீ கேட்டாய்: "அப்பா, உங்கட வேலையிடத்திலயும் அந்த ஏஐ மெஷின் இருந்ததுதானே. அதுக்கு உண்மையா அறிவு இருந்ததா, இல்லாட்டி சும்மா நடிக்குதா?" நான் "முதல் சாப்பிடு, ஆறப்போகுது" என்று சொன்னேன். பதில் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. பதில் நீளம். கதைக்கத் தொடங்கினால் நீயும் தம்பியும் நடுவில் போனைப் பார்ப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டு வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து முதல் இரண்டு வருடம் காளான் பண்ணை, பிறகு கட்டடம் கழுவுதல், பிறகு ஒனிஹங்காவில் கடதாசி தரம் பிரிக்கும் அந்த யார்ட். மற்ற வேலைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. யார்டில் பத்தொன்பது வருடம். பழகுவதற்கு இரண்டு நாள் கொடுத்தார்கள், இரண்டாம் நாள் மத்தியானமே தனியாக விட்டுவிட்டார்கள்.

வேலை இதுதான். கடைகளிலும் அலுவலகங்களிலும் சேர்த்த கடதாசியும் மட்டைப்பெட்டியும் லொறியில் வந்து கொட்டப்படும். ஒரு பெல்ட் அதை மேலே இழுத்துக்கொண்டு வரும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் நாங்கள் நிற்போம். மண்ணிற மட்டை ஒரு குழிக்குள், வெள்ளைக் கடதாசி இன்னொன்றுக்குள், பளபளப்பான கலர்க் கடதாசி மூன்றாவதுக்குள், குப்பை நான்காவதுக்குள். குழிகளுக்குக் கீழே எல்லாவற்றையும் அமுக்கிக் கட்டும் மெஷின். கையை மஞ்சள் கோட்டுக்கு அப்பால் விடக்கூடாது. தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு ஓடும், ஆபத்து என்றால் அதை இழுத்தால் பெல்ட் நிற்கும்.

கேட்க லேசான வேலை மாதிரி இருக்கும். மெழுகு பூசிய மட்டையும் சாதா மட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். மெழுகு மட்டை சேர்ந்தால் முழுக் கட்டும் பழுது. பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினால் தெரியும். ஐந்தாறு மாதம் போனபிறகு கீறவும் தேவையில்லை. தூக்கும்போதே கை சொல்லிவிடும். நனைந்த பெட்டி விழுகிற சத்தமே வேறு.

எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவள் மெலே. தொங்காத் தீவுக்காரி, என் வயது, பெரிய உருவம், பெரிய சிரிப்பு. அவள் வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம்தான். நாங்கள் கதைத்தது இங்கிலீசில். அங்கே நீயும் நீங்களும் ஒன்றுதான். ஆனால் மெலே கதைத்தது என் காதில் "நீ" என்றுதான் விழுந்தது. எங்கள் சுப்பவைசர் கிரேக் கதைத்தது "நீங்கள்" என்று விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

ஜனவரி பிறந்தால் யார்டுக்குப் பழைய கலண்டர்கள் வரும். நம் ஆட்களின் மளிகைக் கடைகள் வருடா வருடம் கொடுப்பவை: பிள்ளையார், முருகன், லட்சுமி. கடைக்காரர் பெயர் கீழே, கடவுள் மேலே. முதல் வருடம் ஒரு பிள்ளையார் பெல்ட்டில் மல்லாந்து வந்தார், அவருக்கு மேல் ஒரு பீட்சாப் பெட்டி. கலர்க் கடதாசிக் குழிக்குள் தள்ளவேண்டும், அதுதான் விதி. என்னால் முடியவில்லை. எடுத்துச் சட்டைக்குள் வைத்துவிட்டேன். மெலே பார்த்துவிட்டாள்.

"என்ன திருடுகிறாய்?"

"கடவுள்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு மட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பெல்ட்டுக்குக் கீழே வைத்தாள். அதற்குள் ஏற்கெனவே கிழிந்த பைபிள் தாள்கள் நாலைந்து கிடந்தன. "பல வருடமாகக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன். இனி இரண்டு பேருக்கும் ஒரு பெட்டி," என்றாள். அவளுடையது அவள் சபைப் போதகரிடம் போகும். என்னுடையது வீட்டுக் கராஜ் தட்டுக்குப் போகும். வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் கொடுத்தால் முறைப்படி எரிப்பார்கள். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் உங்கள் அம்மா, "இஞ்சேருங்கோ, நீங்கள் வேலைக்குப் போறியளா, கோயில் கட்டப் போறியளா?" என்று கேட்பார்.

கிரேக்கைப் பற்றி ஆறுதலாகச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிழை நடந்த இடத்துக்கு வருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பார். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஒன்றும் பேசாமல் பெல்ட்டைப் பார்த்தபடி நிற்பார். பிறகு "என்ன நடந்தது?" என்பார். சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, "அதற்கு முன்னால்?" என்பார். அதையும் சொன்னால் திரும்பவும் "அதற்கு முன்னால்?" யார் செய்தது என்று கேட்கமாட்டார். இப்படிப் பின்னுக்குப் பின்னுக்குப் போய், பிழை எங்கே பிறந்ததோ அங்கே போய்த்தான் நிற்பார். அநேகமாக அந்த இடத்தில் பிழை செய்த ஆள் தானாகவே வாயைத் திறந்துவிடுவான். ஒருமுறை பெல்ட் அறுந்ததற்குக் கேட்டுக் கேட்டுப் போய், கடைசியில் அவரே வாங்கிய மலிவு எண்ணெயில் வந்து நின்றது. "அப்போ நான்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மெஷின் வந்தது எனக்கு அறுபத்தொரு வயதில். பெல்ட்டுக்கு மேலே கமரா, பக்கத்தில் உறிஞ்சி எடுக்கும் கை. கொண்டுவந்த கொம்பனியிலிருந்து சுந்தர் என்று ஒரு பொடியன், தமிழ்நாட்டுக்காரன், இன்ஜினியர், நியூ லின்னில் வாடகைக்கு இருந்தான். முதல் நாளே என்னைக் கண்டுபிடித்து, "அண்ணே, தமிழா? அப்பாடா!" என்றான்.

மெஷினுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். பெல்ட்டில் போகிற பொருட்களைக் கமரா படம் எடுக்கும். நானும் மெலேயும் முறைமாறித் தேத்தண்ணி அறையில் திரைக்கு முன்னால் இருந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொத்தானை அமத்தவேண்டும். ஒன்று மண்ணிற மட்டை, இரண்டு வெள்ளை, மூன்று கலர், நான்கு குப்பை. ஐந்தாவது பொத்தான் பேட்டரி, காஸ் குப்பி, ஊசி மாதிரி ஆபத்தான சாமான்களுக்கு. ஐந்தை அமத்தினால், "இந்த மாதிரி ஒன்றைக் கண்டால் பெல்ட்டை நிறுத்து, மனிதன் வந்து கையால் எடுப்பான்" என்று அர்த்தம். ஆறு மாதம் இப்படிப் படம் பார்த்தோம்.

எங்கள் இருவருக்கும் தனித்தனி இலக்கமும் கடவுச்சொல்லும் தந்தார்கள். நான் முதல் கிழமையே மூன்றுதரம் பிழையாக அடித்து என்னுடையது பூட்டிக்கொண்டது. "அடுத்த தடவை வரும்போது சரி பண்ணித் தர்றேண்ணே, அதுவரைக்கும் மெலே நம்பர்லயே போங்க," என்றான் சுந்தர். அவனும் மறந்தான், நானும் மறந்தேன்.

இப்போது நீங்கள் ஊகித்திருப்பீர்கள். திரையில் முருகன் வந்தார். மூன்றை அமத்தினால் அமுக்கும் மெஷினுக்குள் போவார். நான்கை அமத்த விரலே போகாது. ஐந்து இருந்தது: நிறுத்து, மனிதன் கையால் எடுப்பான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அமத்தினேன். அந்த வருடம் வந்த பிள்ளையார், லட்சுமி எல்லாருக்கும் ஐந்துதான்.

அடுத்த ஜனவரியில் மெஷினை ஓடவிட்டார்கள். கிரேக் எங்களைக் கூப்பிட்டு நேரே சொன்னார்: பெல்ட்டில் இனி ஒரு ஆள் போதும். மற்றவரை என்ன செய்வதென்று மேலிடம் மாத முடிவில் சொல்லும். மெலே என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன்.

முதல் நாள் பெல்ட் பதினொரு தரம் நின்றது. சிவப்பு விளக்குச் சுழலும், சங்கு ஊதும், ஓடிப்போய்ப் பார்த்தால் பேட்டரி இல்லை, இனிப்புப் பெட்டி. பிறகு சொக்கலேட் பெட்டி. சீனப் புதுவருடம் நெருங்க, சிவப்பும் தங்கமுமாகப் பரிசுப் பெட்டிகள் வரத் தொடங்கின. அவற்றுக்கும் நின்றது. மூன்றாம் நாள் லொறிகள் வாசலில் வரிசையில் நின்றன. மேலிடத்திலிருந்து கிரேக்குக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. சுந்தர் மடிக்கணினியோடு வந்து இருந்தான்.

அன்று பின்னேரம் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்."

"மெலேக்கா பிள்ளையாருக்கெல்லாம் பேட்டரின்னு போட்டு வச்சிருக்காங்க. எல்லாம் அவங்க நம்பர்ல இருக்கு. அவங்க ஏன்ணே அப்படிப் போடணும்?"

என் இலக்கம் பூட்டியிருந்தது அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ, என் முகத்தையே பார்த்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். உங்களிடம் இதை மறைத்தால் இந்தக் கடிதம் எழுதுவதில் பிரயோசனம் இல்லை. அறுபத்திரண்டு வயது, வேறு வேலை கிடைக்காது, உன் படிப்பு முடியவில்லை. இதெல்லாம் அந்த நேரம் மண்டைக்குள் ஓடியது. ஆனால் சொன்னது பொய்.

"சரிண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அவன் போகுமுன் நான் ஒன்று கேட்டேன், என் குற்றத்தை மறைக்கத்தான் கேட்டேன்: "அப்ப இதுக்குச் சாமியைத் தெரியுமா?"

"சாமியும் தெரியாது, பேட்டரியும் தெரியாதுண்ணே. சிவப்பு, தங்கக் கரை, நடுவுல நேராப் பாக்குற முகம். இதுல ரெண்டு சேந்து வந்தாலே அஞ்சு. அதுவாவே கண்டுபிடிச்சிருக்கு, நாங்க யாரும் சொல்லல."

வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது அதை யோசித்தேன். என்னையும் மூன்று வயதில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அப்போது நான் கண்டதும் சிவப்பும் தங்கமும் நேரே பார்க்கிற முகமும்தானே. அந்த அளவில் அதற்கும் எனக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் ஸ்மோகோவுக்கு, அதாவது பத்துமணித் தேத்தண்ணிக்கு, மெலே என் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளிடம் கிரேக் முந்தின நாளே விசாரித்திருந்தார்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"என் கண் சரியில்லை என்று சொன்னேன். பிள்ளையாரும் பேட்டரியும் எனக்கு ஒரே மாதிரி."

"மெலே..."

"ரொட்டியைச் சாப்பிடு. நீ எப்போ வாய் திறப்பாய் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவசரம் இல்லை, மாத முடிவு வரைக்கும் நேரம் இருக்கிறது." அவள் சிரித்தாள்.

ஸ்மோகோ முடிந்ததும் கிரேக் ஒரு சோதனை வைத்தார். குழப்பம் தந்த சாமான்களையும் எங்கள் பெட்டிக்குள் கிடந்ததையும் ஒரு மேசையில் அடுக்கி, சுந்தரை ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் வைக்கச் சொன்னார். கமராவைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் நான். எதிரே மெலே.

லட்டுப் பெட்டி வந்தது, நின்றது. சொக்கலேட் பெட்டி, நின்றது. மெலேயின் பைபிள் தாள் நிற்காமல் வெள்ளைக் கடதாசியோடு போனது. "அடடே, என் ஆள் போகிறார்," என்று மெலே எட்டி எடுத்துக்கொண்டாள். வாசிக்கத் தெரிந்தால்தான் அது பைபிள், இல்லாவிட்டால் வெறும் கறுப்பு எழுத்து. லட்சுமி கலண்டர், நின்றது. கிரேக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு பிள்ளையார் வந்தார். எந்தக் கடைக் கண்ணாடியில் ஒரு வருடம் வெயில் காய்ந்தாரோ, சிவப்பும் மஞ்சளும் வெளிறி முழுக்க நீலம். மேல் பாதி கிழிந்து, தும்பிக்கை நுனியும் வயிறும் மோதகம் வைத்த கையும் மட்டும். கமராவுக்குக் கீழே வந்தது. நிற்கவில்லை. உறிஞ்சும் கை அவரைக் கவ்வி, கலர்க் குழிப் பக்கம் போட்டது.

நான் யோசிக்கவில்லை. அத்தனை வருடமும் விடாத கையை மஞ்சள் கோட்டுக்கு அப்பால் விட்டேன். தாள் கைக்கு வந்தது. கையுறை விளிம்பு பெல்ட்டின் உருளையில் பிடித்தது. அந்த இழுவையை நான் உணர்ந்த அதே நேரம் பெல்ட் நின்றது.

மெலே சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "மடையா," என்றாள். "அந்த நீலப்படம் மேசையில் இருந்து எடுபட்டபோதே நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

கையுறைதான் கிழிந்தது. விரலுக்கு ஒன்றுமில்லை. கிரேக் வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நின்றார்.

"என்ன நடந்தது?"

"கையை விட்டேன்."

"அதற்கு முன்னால்?"

"இந்தப் படம் குழிக்குப் போகப் பார்த்தது."

"அதற்கு முன்னால்?"

"மெஷின் நிற்கவில்லை."

அவர் அந்த நீலத் தாளை வாங்கிப் பார்த்தார். "இது ஆபத்தான சாமான் இல்லையே. இதற்கு மெஷின் ஏன் நிற்கவேண்டும்?"

அதற்கு முன்னால் இருந்தது நான்தான். வேறு ஒருவரும் இல்லை. "நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்," என்றேன். "மெலேயின் இலக்கத்தில் இருந்தது நான். இவை எல்லாம் நான் அமத்திய ஐந்து." பெட்டியைப் பற்றியும் சொன்னேன், சுந்தரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

சுந்தர் தலையில் கைவைத்தான். "அண்ணே! நான் ரெண்டு நாளா இதுக்குள்ள தலையை விட்டுட்டு உக்காந்திருக்கேன்!"

கிரேக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்தப் பெட்டி இப்போதும் பெல்ட்டுக்குக் கீழேயா இருக்கிறது?"

"ஓம்."

"யாரும் தடுக்கி விழாத இடத்தில் வையுங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். கையை விட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம். மாத முடிவில் பெல்ட் வேலை மெலேக்கு என்று வந்தது. எனக்கு வேலை போகவில்லை. முற்றத்தில் லொறி திறந்து நனைந்த கட்டுகளைப் பார்த்து ஒதுக்குவதற்கு அனுப்பினார்கள். மனுக்காவ் கடல் பக்கத்து மழைக்காற்றில் கடைசி மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். மெலேக்கு அந்த வேலை கிடைத்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன்.

அதற்கு முன் இன்னும் ஒரு வேலை இருந்தது. பிழையாகச் சொல்லிக்கொடுத்ததை நானே திருத்தவேண்டும். மூன்று கிழமை அந்தத் திரைக்கு முன்னால் இருந்து, ஒவ்வொரு பிள்ளையாரையும் முருகனையும் திரும்ப எடுத்து, மூன்றாவது பொத்தானை அமத்தினேன். கலர்க் கடதாசி. கலர்க் கடதாசி. மெஷின் அதையும் அப்படியே படித்துக்கொண்டது. பிறகு ஒரு கடவுளுக்கும் நிற்கவில்லை. நிறுத்து என்று நான் சொன்னபோதும் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்தாதே என்றபோதும் கேட்கவில்லை. மெஷின் நிற்காமல் விட்டதை மெலே கையால் எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

நான் ஓய்வெடுத்து எட்டு மாதம். மெலே இன்னும் அங்கேதான். போன மாதம் பிளாக்ஹவுஸ் பே பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் இல்லாத நேரம், வாசலில் ஒரு பை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே இந்த வருடம் பெல்ட்டில் வந்த கலண்டர்கள், மடிப்புக் கலையாமல். நடுவில் ஒன்றைப் பார்த்து நான் சிரித்தேன். நகைக்கடைக் கலண்டர். சிவப்புச் சேலை, தங்க நகை, நேரே பார்க்கிற முகம்: ஒரு கல்யாணப் பொம்பிளை. மெஷின் செய்த அதே பிழை. அதில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டி எழுதியிருந்தாள்: "சிவா, இவர் உன் ஆளா, இல்லையா? எனக்குத் தெரியாது. அதுதான் வைத்தேன்."

மெஷினும் நின்று எங்களைக் கூப்பிட்டதுதானே என்று நீ வாதாடுவாய், ஆரணி. ஓம், கூப்பிட்டது. அதற்கு அறிவு இல்லை என்று அடித்துச் சொல்ல நான் படித்தவன் இல்லை. வருங்காலத்தில் அதுவும் தெரியாது என்று சொல்லிக் கேட்குமோ என்னவோ, அது உன் படிப்பு. எனக்குத் தெரிந்தது அந்த மஞ்சள் துண்டுதான். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு சாப்பிட வரும்போது பார்.